வெள்ளை விளக்கைத் தடை செய்யாதீர்கள், அடிவாரத்தில் ஒரு சுவர் கொடுங்கள்

சேலம் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு, அதாவது ஆட்சியர், காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஏற்காடு ரோட்டில் இரவில் இறங்கி வந்த யாரிடம் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். எதிரே வருகிறவன் மூஞ்சியில் அடிக்கிறான், கண் கூசுகிறது, எங்கே ரோடு முடிகிறது எங்கே பள்ளம் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. புலம்பல் நியாயமானதுதான். அதற்குச் சொல்கிற வைத்தியம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. வெள்ளை எல்இடி விளக்கையே தடை செய்யுங்கள், பழைய மஞ்சள் பல்பு போதும் என்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், அடிவாரம் செக்போஸ்ட்டில் நிறுத்தி வெள்ளையாக எரிகிற எல்லாவற்றுக்கும் அபராதம் போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். அந்த பல்பு எந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதில்தான் கோளாறு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைச் சுவரும் சில கோடுகளும் போதும். அந்தச் சுவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் கன்னங்குறிச்சிக்காரன். நாகலூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கிறது. பறிப்புச் சமயத்தில் கூலிக் கணக்கு முடித்து, மூட்டையை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினால் எப்படியும் இருட்டிவிடும். 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகக் கீழே வர வேண்டும், அதிலும் கார்த்திகை, மார்கழி என்றால் பாதி தூரம் பனிமூட்டம். சுற்றுலா வருகிறவர்கள் இந்தப் பாதையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கும், வாழவந்தி, மஞ்சக்குட்டை, செம்மநத்தத்துக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரி, காலேஜ், மண்டி என்று எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

முதலில் புது விளக்கின் பக்கம் நின்று கொஞ்சம் பேசிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் பேசுவதில்லை. நம் ஊர்க் கார்களில் ரொம்ப காலமாக இருந்தது எச்4 ஹாலஜன் பல்பு, தூரத்துக்கு அடிக்கிற ஹை பீமுக்கு 60 வாட், கீழே இறக்கி அடிக்கிற லோ பீமுக்கு 55 வாட். அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகும். எல்இடி அதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் அதைவிட அதிக வெளிச்சம் தருகிறது, ஆயுளும் பல மடங்கு. ஹாலஜன் வெளிச்சத்தின் நிறம் சுமார் 3,200 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்தது. எல்இடி பெரும்பாலும் 5,500 முதல் 6,500 வரை, பகல் வெளிச்சத்தை ஒட்டி வரும். இதனால் என்ன லாபம் என்றால், ரோட்டோரத்துப் பெயர்ப்பலகையும், கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நடந்து வருகிற தோட்டத்து ஆளும், முக்கியமாக வளைவில் அசையாமல் நிற்கிற காட்டெருமையும் கொஞ்சம் முன்னதாகவே கண்ணில் படும். காட்டெருமையை மங்கின மஞ்சள் விளக்கில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணு இரண்டும் மின்னும், காலில் வெள்ளை தெரியும், நடுவில் இருக்கிற அவ்வளவு பெரிய உடம்பு தெரியவே தெரியாது.

இன்னொன்று, கார்னரிங் விளக்கு. ஸ்டியரிங்கை ஒடித்ததும் அந்தப் பக்கத்தில் தனியாக ஒரு விளக்கு எரிந்து வளைவின் உட்புறத்தைக் காட்டும். நேராக மட்டுமே அடிக்கிற விளக்கு கொண்டை ஊசியில் மரத்துக்கும் பள்ளத்துக்கும்தான் வெளிச்சம் போடும், நாம் திரும்பப் போகிற இடம் இருட்டாகவே இருக்கும். ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புகிற விளக்கை 1967லேயே பிரான்சின் சிட்ரோவன் டிஎஸ் காரில் வைத்துவிட்டார்கள். நமக்கு வந்து சேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வாயு நிரப்பிய செனான் விளக்கு 1991இல் பிஎம்டபிள்யூ 7 வரிசையில் வந்தது, எல்இடி லோ பீம் 2007இல் லெக்சஸ் காரில் வந்தது. அன்றைக்கு அது பணக்காரர் சமாச்சாரம், இன்றைக்கு ஸ்கூட்டியிலேயே இருக்கிறது. இதையெல்லாம் திரும்பப் பிடுங்கி வைத்துவிட்டு மஞ்சள் பல்புக்குப் போங்கள் என்பதில் அர்த்தமில்லை.

குறையும் உண்டு. ஹாலஜன் பல்பு போனால் சில நூறு ரூபாயில் மெக்கானிக் கடையில் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். கம்பெனி எல்இடி போனால் பல கார்களில் விளக்குக் கூட்டையே மொத்தமாக மாற்றச் சொல்வார்கள், பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். சேலத்து வெயிலுக்கு விளக்கின் முன்பக்கப் பிளாஸ்டிக் மங்கிப் பழுத்துப் போவது வேறு. ஆனால் இதெல்லாம் வண்டி வாங்கினவனின் பர்ஸ் சம்பந்தப்பட்டது. எதிரே வருகிறவனின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

கார் டெக்கர் கடைகளில் நடக்கிற வேலை அது. ஹாலஜனுக்காகச் செய்த கூட்டுக்குள் எல்இடி பல்பைத் திணித்துக் கொடுக்கிறார்கள். பத்து நிமிஷ வேலை, வெளிச்சம் அள்ளுதுங்க சார் என்பார்கள், அள்ளத்தான் செய்யும். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். லோ பீம் இழைக்குக் கீழே சின்னதாக ஒரு தகரக் கிண்ணம் உண்டு, கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்தக் கிண்ணம் கீழ்ப்பக்கம் போகிற வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து ரோட்டைப் பார்த்து இறங்குகிறது. கூட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு மடிப்பும் அந்த இழை எவ்வளவு நீளம், எந்த இடத்தில் இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துச் செய்தது. அந்த இடத்தில் ஒரு தடித்த பட்டையின் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டிய எல்இடியை வைத்தால், வெளிச்சம் வர வேண்டிய இடத்திலிருந்து வராது, மறைக்க வேண்டியதும் மறையாது. அடுத்தவரின் பவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்கிற கதைதான். லோ பீம் என்று ஒன்று இருப்பதே பேருக்குத்தான், டிம் போட்டாலும் பாதி வெளிச்சம் மேலே தெறிக்கும். ஓட்டுகிறவருக்கோ முன்னால் பளீரென்று இருப்பதால் நல்ல விளக்கு என்ற நினைப்பு. உண்மையில் பக்கத்துத் தரை அதிகமாக வெளுப்பதால் கண் அதற்குப் பழகி, தூரத்து இருட்டில் இருப்பது இன்னும் தெரியாமல் போகிறது. காசு கொடுத்து வாங்கினவருக்கும் இதில் நஷ்டம்தான்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இன்னும் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஒருவருக்குக் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது டிரைவர் அப்படி இறக்கிக்கொள்ள வசதி இருக்க வேண்டும். அந்த இடத்தில் பல்பின் நிறத்தையோ வாட்டையோ இழுக்கவில்லை, எதிரே இருக்கிற மனிதனின் கண்ணை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பஸ் லாரிகளில் மேல்பாதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடிப்பார்கள், ஞாபகம் இருக்கும். முரட்டு வழிதான், இப்போதைய விளக்குகளுக்கு அது சரிப்படாது. ஆனால் எதிரே வருகிறவனைப் பற்றிய கவலை அதில் இருந்தது.

சரி, மாற்றாத கம்பெனி விளக்கென்றால் பிரச்சினையே இல்லையா? மலையில் இருக்கிறது. லோ பீம் பொதுவாக 1 சதவீதம் கீழே சாய்ந்திருக்கும், அதாவது 10 மீட்டர் போவதற்குள் 10 சென்டிமீட்டர் இறங்கும். சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போகிற ரோட்டில் இது போதும், நடுவில் அரளிச் செடி வேறு இருக்கிறது (அதை அழகுக்கு மட்டும் வைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள், எதிர்த்திசை விளக்கை மறைப்பதும் அதன் வேலை). மலைப்பாதையில் ரோட்டின் சரிவே அந்த 1 சதவீதத்தைப் போல எத்தனையோ மடங்கு. ஒரே சரிவில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்தால் சமவெளி மாதிரிதான், தொந்தரவில்லை. சரிவு மாறுகிற இடத்தில், அதாவது சரியாக வளைவில்தான் கணக்கு குலைகிறது. கீழிருந்து ஏறுகிற வண்டியின் மூக்கு தூக்கியிருக்கும், அதன் லோ பீமே வளைவில் திரும்பிக்கொண்டிருப்பவருக்கு ஹை பீம் ஆகிவிடும். போதாக்குறைக்கு, நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் விளக்கின் இடப்பக்க ஓரம் கொஞ்சம் மேலே ஏறி அடிக்கும்படிதான் செய்திருக்கிறார்கள், ஓரத்தில் நடப்பவரும் பலகையும் தெரிய வேண்டும் என்பதற்காக. இடது வளைவில் திரும்பும்போது அந்த ஏறின பகுதி எதிரே வருகிறவரின் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் போகும். இதில் டிரைவர் மேல் தப்பே இல்லை. கோடை விழாக் கூட்டத்துக்காக ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்கக் குப்பனூர்ப் பாதை என்று ஒருவழியாக்குகிறீர்களே, அப்போது ராத்திரி ஓட்டிப் பாருங்கள், எவ்வளவு நிம்மதி என்று தெரியும்.

ஆனால் மீதிப் பாதி குற்றம் நம்முடையது. பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்கு அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அது எதற்கு என்று எனக்குத் தெரிந்த டிரைவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய பெட்டி என்றால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்க விளக்கு மேலே ஏறிவிடும். அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் விளக்கு கீழே இறங்கும். பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வருகிற கார்களும், கீழே பஜாருக்கு மூட்டை ஏற்றிப் போகிற எங்கள் வண்டிகளும் இதைத் தொடுவதே இல்லை. உயரமான எஸ்யூவி என்றால் விளக்கின் இடமே எதிரே வருகிற மாருதிக்காரரின் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் பாரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பனிமூட்டத்தைப் பற்றி ஒரு சண்டை எப்போதும் நடக்கும். மஞ்சள் விளக்கு பனியைக் கிழித்துக்கொண்டு போகும், வெள்ளை போகாது என்பார்கள். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரியவை, அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. பிரான்சில் 1930களின் பிற்பாதியிலிருந்து 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம், அங்கும் கடைசியில் விட்டுவிட்டார்கள். நீலம் கலந்த வெள்ளை கண்ணை அதிகமாக உறுத்தும் என்பது உண்மை, வயசானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறுவதால் இன்னும் சிரமம், கண் தெளியவும் நேரம் பிடிக்கும். ஆனால் பனியில் ஜெயிப்பது நிறம் இல்லை, தாழ்வாகவும் அகலமாகவும் விழுகிற வெளிச்சம்தான். பனியில் ஹை பீம் போட்டால் ஒவ்வொரு துளியும் நம் வெளிச்சத்தை நமக்கே திருப்பி அனுப்பும், எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. பாக் லாம்ப் பம்பருக்குக் கீழே இருப்பது இதனால்தான். அதைக் கழற்றி பானட்டுக்கு மேலே பட்டையாக எல்இடி கட்டுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பனியில் இதைவிடப் பயம் தருவது ஒன்று இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. புதுக் கார்களில் பகலிலும் தானாக எரிகிற டிஆர்எல் விளக்கு முன்னால் பளிச்சென்று எரிவதால், ஹெட்லைட் போட்டாகிவிட்டது என்று நினைத்து ஓட்டுகிறார்கள். டேஷ்போர்டும் எரிவதால் சந்தேகமே வராது. ஆனால் பல கார்களில் அப்போது பின்பக்க விளக்கு எரியாது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மூட்டத்துக்குள் முன்பக்கம் திருவிழா, பின்பக்கம் கும்மிருட்டு. பின்னால் வருகிற பஸ்காரருக்கு அந்தக் கார் இருப்பதே கடைசி நிமிஷத்தில்தான் தெரியும். செக்போஸ்ட் பலகையில் ஒரே ஒரு வரி எழுத இடம் இருந்தால் அதை எழுதுங்கள், ஹெட்லைட் சுவிட்சைப் போடுங்கள் என்று.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். மேட்ரிக்ஸ் விளக்கை ஆடி 2013இல் ஏ8 காரில் கொண்டுவந்தது. கேமரா எதிரே வரும் வண்டியைப் பார்த்து, அந்தத் துண்டு வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்டு மற்ற இடத்தில் ஹை பீமை விட்டுவைக்கும். அமெரிக்காவில் இந்த மாதிரி விளக்குக்கு 2022 பிப்ரவரியில்தான் அனுமதி கொடுத்தார்கள். நேர் ரோட்டில் அருமையான விஷயம். கொண்டை ஊசியில் எதிர்வண்டி கேமராவின் பார்வைக்குள் வருவதற்குள் வெளிச்சம் அவர் கண்ணில் பட்டு முடிந்திருக்கும். அது பெரும்பாலும் தேடுவது எதிரே எரிகிற விளக்கைத்தான், கையில் டார்ச் கூட இல்லாமல் நடந்து வருகிற ஆளுக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை. எவ்வளவு புத்திசாலி விளக்காக இருந்தாலும் வளைவுக்கு முன்னால் கையால் டிம் போடுவதுதான் இந்தப் பாதைக்குச் சரி.

பைக்குகளைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. 2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் ஹேண்டில்பாரிலும் இன்ஜின் கார்டிலும் கட்டுகிற அந்தக் குட்டிக் குட்டி எல்இடிகளுக்கு லோவும் கிடையாது ஹையும் கிடையாது, சில விட்டு விட்டு வேறு எரிகின்றன. அவற்றுக்கு நீங்கள் அபராதம் போட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்போது சுவர். அடிவாரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் சமதளமான ஓர் இடம், ஒரு வெள்ளைச் சுவர். அதிலிருந்து சரியாக 5 மீட்டரில் தரையில் ஒரு கோடு, வண்டி அங்கே நிற்க வேண்டும். சுவரில் தரையிலிருந்து 50 முதல் 120 சென்டிமீட்டர் வரை அளவுகோல் மாதிரி படுக்கைக் கோடுகள், எண்கள் பெரிதாக. பக்கத்திலேயே விளக்கின் உயரத்தை அளக்க ஒரு அளவுகுச்சி. லோ பீம் போட்டால் சுவரில் ஒரு வெட்டுக்கோடு தெரியும், மேலே இருட்டு, கீழே வெளிச்சம். அந்தக் கோடு விளக்கின் நடுப்பகுதியை விட 5 சென்டிமீட்டராவது கீழே இருந்தால் சரி. மேலே இருந்தால் டேஷ்போர்டுச் சக்கரத்தைத் திருப்பச் சொல்லுங்கள், அப்படியும் இறங்கவில்லை என்றால் விளக்குக்குப் பின்னால் இருக்கிற ஸ்க்ரூவை ஒரு மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் சரிசெய்துவிடுவார். வெட்டுக்கோடே இல்லாமல் சுவர் முழுக்க வெளிச்சம் சிதறிக் கிடந்தால் அது டெக்கர் கடை பல்பு. வாதமே தேவையில்லை, ஓட்டுகிறவர் தன் கண்ணாலேயே பார்ப்பார். சாலையில் நிற்கிற காவலர் இது கம்பெனி விளக்கா மாற்றினதா என்று தூரத்திலிருந்து ஊகித்துச் சண்டை போட வேண்டியதில்லை.

எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போகும்போது விளக்கைப் பார்க்கிறார்களே என்று கேட்கலாம். வாடகை வண்டிக்குச் சரி. சொந்தக் காருக்கு அந்தச் சோதனை வருவதே 15 வருடம் கழித்துத்தான். வந்தாலும் அங்கே வண்டி காலியாக நிற்கும், இங்கே ஆளும் பெட்டியும் ஏறி, நிஜமாக மலை ஏறப் போகிற எடையோடு நிற்கும். சோதிக்க வேண்டியது இந்த நிலையில்தான். எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லவில்லை, சனி ஞாயிறு வரிசை கோரிமேடு வரைக்கும் போய்விடும். இருட்டின பிறகு கண்ணை உறுத்துகிற வண்டியை மட்டும் ஓரம் கட்டி, முதல் தடவை சரிசெய்து அனுப்புங்கள், அதே வண்டி மறுபடி வந்தால் 52ஆம் பிரிவு இருக்கிறது. மேலிருந்து இறங்குகிறவர்களுக்காக ஏற்காட்டிலும் ஒன்று வேண்டும், அதற்கு ஏதாவது ஒரு கட்டடத்தின் பின்சுவரே போதும்.

நெடுஞ்சாலைத் துறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. மக்கள் அதிக வெளிச்சத்தைத் தேடி அலைவதற்குப் பாதிக் காரணம் ரோட்டின் ஓரம் தெரியாததுதான். கண்ணாடி மணி கலந்த வெள்ளைக் கோடும் ரோட்டில் பதிக்கிற ரிஃப்ளெக்டர் ஸ்டட்டும் லோ பீமிலேயே பளிச்சென்று காட்டும், ஏனென்றால் அவை வண்டியின் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்புகின்றன. இரண்டு மழைக்காலத்தில் மணி உதிர்ந்து கோடு வெறும் சாம்பல் ஆகிவிடுகிறது. மழை தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் பள்ளத்துப் பக்க ஓரக்கோட்டையாவது புதுசாக அடியுங்கள். வளைவுகளில் குவிகண்ணாடி வைத்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம், பனியில் அதன் மேல் நீர் பூத்து ஒன்றும் தெரியாது. இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது, அதையும் முதல் வளைவிலும் இருபதாவது வளைவிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

டெக்கர் கடைக்காரர்களையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், குற்றவாளி மாதிரி இல்லாமல். வெளிச்சத்தை லென்ஸ் வழியாக அனுப்புகிற ப்ரொஜெக்டரோடு முழு செட்டாக, அந்த வண்டிக்கென்றே கம்பெனி செய்த விளக்கை மட்டும் மாட்டட்டும், மாட்டின பிறகு கடைச் சுவரில் வெட்டுக்கோட்டைக் காட்டிவிட்டு காசு வாங்கட்டும். அவர்களுக்கும் வியாபாரம் கெடாது.

சுவருக்கு இடம் மட்டும் காட்டுங்கள். வெள்ளையடிக்கிற செலவையும், கோடு போடுகிற வேலையையும், அளவுகுச்சியையும் கன்னங்குறிச்சியிலும் நாகலூரிலும் இருக்கிற நாங்கள் சில பேர் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறோம். கோடை விழாவுக்கு முந்தின மாதமே முடித்துவிட்டால் கூட்டம் வருவதற்குள் செக்போஸ்ட் காவலர்களுக்கும் பழகிவிடும்.

இப்படிக்கு,
கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு மிளகு விவசாயி